சிண்டியும் நங்கூரக் கயிறும்: மண்டபம் கடற்கரையில் மூன்று வருடம்

வாரத்துக்கு நான்கு நாள், காலை ஐந்தரை மணி, மண்டபம் கடற்கரை. ஓட்டம், பாரம் தூக்குவது, உடம்பையே பாரமாக வைத்துச் செய்வது எல்லாவற்றையும் கலந்து வேகமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் முறையில் நாங்கள் பயிற்சி செய்யத் தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. மொத்தம் ஒன்பது பேர். விசைப்படகில் போகிறவர்கள் மூவர், பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், 62 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரிப் பையன்கள் மூவர், அப்புறம் நான். எல்லோருக்கும் ஒரே வொர்க்அவுட்தான். ஆனால் அதை ஒவ்வொருவருக்கும் ஏற்ற அளவில் மாற்றிக்கொள்கிறோம். அந்த அளவு பிடிபடவே ஒரு வருடம் ஆனது.

அதற்கு முன் நான் ஒரு ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கணக்கு. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் எனக்கு ஒன்றுகூட வராது. "குதித்து ஏறி மெதுவாக இறங்கு, நூறு தடவை" என்றார்கள், செய்தேன். மறுநாள் முழங்கையை நீட்ட முடியவில்லை. நான்கு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூட கை தூக்க வரவில்லை. பழக்கமில்லாத உடம்பில் இப்படி மெதுவாக இறங்கும் அசைவுதான் தசை நாரை அதிகம் கிழிக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது எல்லை மீறினால் தசையிலிருந்து மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கும். தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் அதிகம் செய்வது 'சிண்டி' என்று கிராஸ்ஃபிட்டில் பெயர் வைத்த ஒரு வொர்க்அவுட். 5 புல்-அப், 10 தண்டால், 15 பஸ்கி சேர்ந்தது ஒரு சுற்று. 20 நிமிடத்தில் எத்தனை சுற்று முடியும் என்பதுதான் கணக்கு. இதன் உயிர் அந்த 20 நிமிடமும் நிற்காமல் ஓடும் மூச்சில் இருக்கிறது. இரண்டு சுற்று வேகமாக முடித்துவிட்டு, மூன்றாவதில் கம்பியைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றால் அது சிண்டியே இல்லை. 'ஃபிரான்' என்பதும் அப்படித்தான். ஆண்களுக்கு 43 கிலோ பாரம். அதோடு உட்கார்ந்து எழுந்து தலைக்கு மேல் தள்ள வேண்டும், இடையிடையே புல்-அப், இரண்டுக்கும் எண்ணிக்கை 21, 15, 9 என்று இறங்கும். தேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பார்கள். ஒருவர் பிடிவாதமாக 43 கிலோவையே தூக்கி இருபது நிமிடம் இழுத்தால் அவர் செய்தது வேறொரு பயிற்சி. 15 கிலோவில் ஏழு நிமிடத்தில் மூச்சு வாங்க முடித்தவர்தான் ஃபிரான் செய்தவர். அதனால் நாங்கள் முதலில் நேரத்தை வைத்துக்கொள்கிறோம், எடை அதற்குப் பிறகு.

புல்-அப்புக்கு எங்களிடம் இருப்பது ஒரு பழைய நங்கூரக் கயிறு. பனைமரத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருக்கிறோம். பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நெஞ்சைக் கைக்கு இழுக்க வேண்டும். பாதம் மரத்தை நெருங்க நெருங்க உடம்பு படுக்கை வாட்டத்துக்கு வரும், பாரம் கூடும். ஆசிரியர் தன் குதிகால் ஊன்றும் இடத்தில் ஒரு சிப்பியைப் பதித்து வைப்பார். இருபது நிமிடமும் தடையில்லாமல் இழுக்க வந்தால்தான் அடுத்த வாரம் சிப்பி நான்கு விரல் முன்னே போகும். எட்டு மாதத்தில் அந்தச் சிப்பி மூன்று அடி நகர்ந்திருக்கிறது. கயிறு ஈரமாக இருக்கும் நாளில் கை வழுக்கும், அன்றைக்குச் சிப்பியைப் பின்னே வைத்துவிடுவார்.

படகுத் தம்பிகளுக்கு அளவு குறைக்கவே வேண்டாம் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. வலை இழுக்கும் முதுகு என்பதால் கயிற்றில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் தோள் இறுகி இடுப்பு வளைந்துவிடும். அதற்கு மட்டும் வெறும் துடுப்புக் கம்பிலிருந்து தொடங்கினோம். அக்காவுக்கு நேர் எதிர். முக்குளித்துப் பழகியவர், மூச்சுக்குக் குறைவில்லை. முழங்கால்தான் தொல்லை. கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து எழச் சொன்னேன். "தம்பி, வலி வராத உயரத்துல பெட்டிய வைங்க, எண்ணிக்கைய நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்படியே வைத்தோம். இப்போது பெட்டிக்குப் பதில் ஒரு சின்ன மணல் மூட்டை போதும்.

பூமணலில் ஓடுவது மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. 400 மீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அதனால் அலை நனைத்த ஓரத்தில்தான் ஓடுகிறோம். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் 20 நிமிடத்தை 12 ஆக்கிவிடுவோம், ஆள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் படகுத் தம்பிகள் ஒரு நாள் தவறாமல் வருவார்கள், கணக்கும் ஏறும். தடை முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கியதும் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிற காலையில் நேராக இங்கே வந்து நிற்பார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கயிறு கிடையாது. பஸ்கி ஐந்து, நடை, அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூக்கம்.