ஹாய்ஸ்டுக்கு செயின் மாற்றித் தருவதாக ₹38,500 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள் – பட்டறை வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ₹38,500 போய்விட்டது. அதைவிட, அந்த செயினை நம்பி எங்கள் ஆட்கள் லோடு தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கோவையில் பம்ப் பாகங்களுக்கு மெஷினிங் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. வார்ப்புகளை மெஷினில் ஏற்றி இறக்க 1 டன் எலக்ட்ரிக் செயின் ஹாய்ஸ்ட் (மோட்டாரில் ஓடி, செயினால் லோடு தூக்கும் எந்திரம்) ஒன்று இருக்கிறது. லோடு செயினின் கம்பி 7.1 மி.மீ. கனம், பிட்ச் (ஒரு கண்ணியின் உள் நீளம்) 21 மி.மீ. தூக்கும் எந்திரங்களையும் சங்கிலிகளையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியானவரை வைத்து முழுதாகச் சோதிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவிலிருந்தே இருந்துவரும் விதி. அந்தச் சோதனைக்கு முன்னால் செயினைப் பார்த்துவிடலாம் என்று, தொழில் சாமான்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் தேடினேன். 'சரிபார்க்கப்பட்ட சப்ளையர்' என்ற முத்திரையோடு முதலில் வந்தவரைக் கூப்பிட்டேன்.

வந்த ஆள் சும்மா வாயால் அளக்கிறவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. செயினைத் தளர்த்தி, துணியால் துடைத்து, இரண்டு கண்ணிகளைப் பிரித்துப் பிடித்து, அவை ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில் விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டினார். "சார், வெளியே பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், தேய்மானம் இங்கதான் இருக்கும்" என்றார். அப்புறம் வெர்னியர் அளவுகோலை எடுத்து 11 கண்ணிகளைச் சேர்த்து அளந்தார். 231 மி.மீ. இருக்க வேண்டியது 236-ஐத் தாண்டியிருந்தது. 2 சதவீதம் நீண்டாலே மாற்றிவிட வேண்டும், கம்பியின் கனம் 10 சதவீதம் குறைந்தாலும் மாற்ற வேண்டும் என்றார். எல்லாமே சரியான பேச்சு. இவ்வளவு தெரிந்தவர் தப்பான சாமானை மாட்டுவார் என்று யாருக்குத் தோன்றும்? ஒரிஜினல் தரத்தில் செயின், அதைச் சக்கரத்துக்குள் வழிநடத்தும் செயின் கைடு, மாட்டும் கூலி, லோடு டெஸ்ட், சான்றிதழ் எல்லாம் சேர்த்து ₹38,500 என்றார். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். முழுதாகக் கொடுத்தேன்.

லோடு டெஸ்ட் என்று அவர் செய்தது, எங்கள் பட்டறையில் கிடந்த சுமார் 600 கிலோ வார்ப்பை ஒரு தடவை தூக்கி இறக்கியது. 1 டன் ஹாய்ஸ்டுக்கு வழக்கமாக 1.25 டன் வைத்துத்தான் சோதிப்பார்கள். கேட்டதற்கு, "இது போதும் சார், மீதிய எங்க வொர்க்‌ஷாப்லயே பண்ணிட்டோம்" என்றார்.

கொஞ்ச நாளிலேயே செயின் ஏறும்போது கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. போன் செய்தால், "புது செயின் சார், செட் ஆகும்." சத்தம் கூடியது. "ஆயில் போடுங்க." போட்டுக்கொண்டுதான் இருந்தோம், லோடு இல்லாமல் தளர்த்திவைத்து, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் இறங்கும்படி. அடுத்து, "கிரீஸ் நல்லா அப்பிடுங்க" என்றார். வார்ப்புத் தூள் பறக்கும் இடத்தில் செயினில் கிரீஸை அப்பினால் அந்தத் தூளெல்லாம் அதில் ஒட்டி அரத்தால் ராவுவது போல ராவும். முதல் நாள் என் முன்னால் அப்படிப் பேசிய மனிதர் வாயிலிருந்து இது வந்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

அன்று சாயங்காலமே ஒரு பம்ப் கேசிங் மேலே போய்க்கொண்டிருந்தபோது 'டக்' என்று சத்தம் கேட்டு, லோடு இரண்டு கண்ணி அளவுக்குக் கீழே குதித்து நின்றது. ஆபரேட்டர் அண்ணன் உடனே பென்டன்ட்டில் (கையில் பிடித்து இயக்கும் தொங்கு சுவிட்சில்) சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. செயின் வந்து சேரும் பையை அவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளி நிறத்தில் இரும்புத் தூள்.

எங்கள் பகுதியில் செயின் பிளாக் வேலையே பார்த்துவரும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். வந்ததும் டீசலில் செயினைக் கழுவச் சொன்னார். கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "தயாரிச்சவன் முத்திரையே காணமே தம்பி" என்றார். பிறகு ஓர் அரம் கேட்டார். கழற்றி வைத்திருந்த பழைய செயினில் ஓர் இழுப்பு, அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கியது. புதுச் செயினின் கடைசிக் கண்ணியில் அதே இழுப்பு, அரம் கடித்துப் பளபளவென்று கோடு விழுந்தது. வெர்னியரில் கனம் 7 மி.மீ. 11 கண்ணி ஓரிடத்தில் 232, இன்னோர் இடத்தில் 234. மாட்டப்பட்டிருந்தது ஹாய்ஸ்ட் செயினே அல்ல. பொருளைக் கட்டித் தொங்கவிடும் ஸ்லிங் செயின்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மோசடி அங்கேதான். ஸ்லிங் செயின் உறுதியானதுதான், ஆனால் அதன் வேலை தொங்குவது மட்டும். ஹாய்ஸ்ட் செயின், அதை இழுக்கும் சக்கரமான லோடு வீலின் குழிகளில் கண்ணி கண்ணியாக உட்கார்ந்து எழுந்து ஓட வேண்டும். அதனால்தான் மேல்தோலைத் தனியாகக் கடினப்படுத்தி, பிட்ச் பிசகாமல் தயாரிக்கிறார்கள். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3077 என்று தனித் தரம் இருக்கிறது. பிட்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தால் ஒரு கட்டத்தில் கண்ணி குழியில் உட்காராமல் மேலேறித் தாவும். எங்கள் ஹாய்ஸ்டில் நடந்தது அதுதான். குழிகளின் ஓரமும் சிதைந்துவிட்டதால் லோடு வீலையும் மாற்ற வேண்டும், அது தனிச் செலவு.

சான்றிதழை அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தோம். செயின் எண் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, தேதி எங்கள் வேலைக்கு இரண்டு மாதம் முந்தியது.

போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது, "நீங்க ஓவர்லோடு போட்டிருப்பீங்க" என்றார். 600 கிலோவை வைத்து டெஸ்ட் முடித்தவர் என்னைப் பார்த்து ஓவர்லோடு என்கிறார்! பிறகு, "செயினை எங்க முகவரிக்கு உங்க செலவுல அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம்." அனுப்ப மாட்டேன். என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அது போனால் கழுவி, ஆயில் பூசி இன்னொருவர் ஹாய்ஸ்டில் மாட்டிவிடுவார்.

இணையதளத்தில் புகார் கொடுத்தால், "நாங்கள் இருவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரு பதில். அடுத்த முறை திறந்து பார்த்தபோது என் புகாருக்கு நேராகத் 'தீர்வு காணப்பட்டது' என்று இருந்தது. யாருக்கு என்ன தீர்வு? என் ₹38,500 அவரிடம், 'சரிபார்க்கப்பட்ட சப்ளையர்' என்ற பச்சை முத்திரை இன்னும் அவர் பெயர் பக்கத்தில். தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும் சொல்லிப் பார்த்தார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியதற்கு 2019 சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. எங்களுக்கு அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசப் போகிறேன்.

பராமரிப்பைப் பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை. அவசரமாகச் சில மட்டும். செயின் மாட்டும் முன்பே அதில் தயாரித்தவர் முத்திரையைப் பாருங்கள், சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாட்ட விடாதீர்கள். மாட்டியதும் 11 கண்ணியை நீங்களே அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். எத்தனை சதவீதத்தில் மாற்ற வேண்டும் என்பதற்கு உங்கள் ஹாய்ஸ்டின் கையேட்டையே பாருங்கள், சிலவற்றில் 1.5 தான். தேய்ந்த கண்ணிக்கு வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வெளியே அனுப்பிவிடுங்கள். லோடு செயினையே பொருளைச் சுற்றிக் கட்டப் பயன்படுத்தாதீர்கள். டெஸ்ட் முடியும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

கோவை, திருப்பூர் பக்கம் சமீபத்தில் இப்படி இணையத்தில் ஆள் பிடித்து செயின் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே லோடை இறக்கிவிட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஹாய்ஸ்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் போலீஸில் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.