கிட்ஹப் பேஜஸ்: பஸ் டைம் பக்கம் போடலாம், மாம்பழக் கடை போட முடியாது

கோடிங் கற்றுக்கொள்பவர் தன் முதல் ப்ராஜெக்டை நயா பைசா செலவில்லாமல் நெட்டில் ஏற்ற, கிட்ஹப் பேஜஸ் அளவுக்குச் சுலபமான இடம் குறைவு. கிட்ஹப் என்ற கோடிங் சேமிப்புத் தளத்தில் வைத்த கோப்புகளை அப்படியே இணையப் பக்கமாகக் காட்டும் சேவை இது, 2008-லிருந்து ஓடுகிறது. ஆனால் எந்த ப்ராஜெக்டை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இது நல்லதா, தலைவலியா என்பது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பொம்மிடி போகிற பஸ்களின் நேரத்தைக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். லாகின் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம். நேரமெல்லாம் ஒரே ஜேசான் (தகவலை எழுத்தாக அடுக்கி வைக்கும் வடிவம்) கோப்பில் இருக்கும். போனின் கடிகாரத்தைப் பார்த்து அடுத்த பஸ்ஸைச் சொல்லும் வேலையை ஜாவாஸ்கிரிப்ட் செய்துவிடும். பேஜஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வேலை இது. பக்கம் 200 கேபி என்றால், மாதம் 100 ஜிபி டேட்டா என்ற வரம்புக்குள் 5 லட்சம் தடவை திறக்கலாம். மொத்த சைட்டின் அளவு 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. பஸ் டைமுக்கு அதில் ஒரு மூலை போதும்.

அமைப்பது பத்து நிமிட வேலை. பப்ளிக் ரெப்போ (எல்லோரும் பார்க்கக்கூடிய ப்ராஜெக்ட் ஃபோல்டர்) ஒன்று தொடங்கி, இன்டெக்ஸ் கோப்பை வெளியிலேயே (உள் ஃபோல்டரில் அல்ல) வைத்து, செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய், மெயின் பிராஞ்சையும் ரூட்டையும் தேர்ந்தெடுத்து சேவ் கொடுத்தால் சில நிமிடங்களில் லிங்க் வந்துவிடும். அந்த லிங்க்கில் உங்கள் யூசர்நேம்தான் முன்னால் நிற்கும். நாளைக்கு ஓசூர், பெங்களூரு கம்பெனிகளுக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அதுதான் போகும் என்பதால், நடிகர் பெயரையும் 'கிங்'கையும் ஒட்டி யூசர்நேம் வைக்காதீர்கள்.

கணினியில் உள்ள கோப்புகளை கிட்ஹப்புக்கு ஏற்றும்போதுதான், அதாவது புஷ் செய்யும்போதுதான், முதல் அடி விழும். கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டை டெர்மினலில் கொடுத்தால் 2021 ஆகஸ்ட் 13 முதல் ஏற்பதில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக கிட்ஹப் தரும் டோக்கன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் கீ. டோக்கனை ஒரே ஒரு முறைதான் காட்டும், அப்போதே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

காலேஜ் லேபில் வேறொரு வினை உண்டு. உங்கள் ரெப்போவுக்கே புஷ் செய்தாலும் 403 (அனுமதி இல்லை) பிழை வரும். பிழைச் செய்தியை உற்றுப் பார்த்தால் அதில் வேறு யாரோ ஒரு மாணவரின் யூசர்நேம் இருக்கும். அந்த கம்ப்யூட்டரில் முன்பு உட்கார்ந்தவரின் லாகினை விண்டோஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, கிட்ஹப் என்றிருக்கும் பதிவை நீக்கிவிட்டுத் திரும்ப முயலுங்கள். கிட்டின் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கான்ஃபிக்கில் உள்ள பெயரையும் ஈமெயிலையும் மாற்றவும் வேண்டும். விட்டால் நீங்கள் எழுதிய கமிட் (பதிவான மாற்றம்) எல்லாம் அவர் பெயரில் ஏறும். எதையும் இன்ஸ்டால் செய்ய விடாத லேப் என்றால், ரெப்போ பக்கத்தில் முற்றுப்புள்ளி கீயைத் தட்டுங்கள், பிரவுசரிலேயே எடிட்டர் திறக்கும். இந்த வசதிக்கே தனியாக ஒரு ஸ்டார் தரலாம்.

லேப்டாப்பில் தெரிந்த படம் நெட்டில் தெரியவில்லையா? பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினையாகத்தான் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, பேஜஸுக்கு வேறு வேறு. கோப்பின் பெயரில் எழுத்தை மட்டும் மாற்றினால் விண்டோஸில் கிட் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கிட் எம்வி கட்டளையால் மாற்றுங்கள். இன்னொன்று, பாதையைச் சாய்கோட்டில் தொடங்கினால் அது ரெப்போவுக்குள் தேடாமல் டொமைனின் தலைக்கே போய்த் தேடும். ஸ்டைல் கோப்பு லோடாகாமல் பக்கம் மொட்டையாக நிற்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். இரண்டையும் சரிசெய்த பிறகும் பழையபடியே தெரிந்தால் பதறாதீர்கள், சேமித்து வைத்த பழைய நகல் (கேஷ்) மாற பத்து நிமிடம் பிடிக்கும்.

தமிழில் தேடல் பெட்டி வைப்பவர்களுக்கு: 'பாலக்கோடு' என்று அடித்தால் பட்டியலில் இருக்கிற பாலக்கோடே கிடைக்காமல் போகலாம். 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறு வேறு. பொம்மிடிக்கும் போச்சம்பள்ளிக்கும் இதே கதி. ஒப்பிடுவதற்கு முன் அடித்த சொல்லையும் பட்டியலில் உள்ள சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால் (நார்மலைஸ் செய்தால்) சரியாகிவிடும். இதில் பேஜஸ் மேல் குற்றமில்லை.

எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இலவசமாகவே வருவதால், பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைக்கும் சர்வீஸ் வொர்க்கர் வைக்கலாம். ஒகேனக்கல் காட்டுச் சாலையில் சிக்னல் போனாலும், ஒருமுறை திறந்த பக்கம் திரும்பத் திறக்கும். ஆனால் நேரத்தை மாற்றும்போது கேஷின் பதிப்புப் பெயரையும் மாற்ற வேண்டும். மறந்தால் பயணி பழைய நேரத்தை நம்பி ஸ்டாண்டில் நிற்பார். 'கடைசியாகச் சரிபார்த்த தேதி'யைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள், தப்பான டைமுக்குப் பக்கமே இல்லாமல் இருப்பது மேல்.

இனி, முடியாதவை. பிஎச்பி, நோட், மைஎஸ்க்யூஎல் என்று சர்வரில் ஓட வேண்டியவை எதுவும் ஓடாது. ஜாம்ப்பில் (பிஎச்பியையும் டேட்டாபேஸையும் சொந்தக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) செய்த காலேஜ் ப்ராஜெக்டை அப்படியே தூக்கி வைக்க இது இடமில்லை. சீசனில் கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு ஆர்டர் எடுக்கும் கடையை இங்கே நடத்தலாம் என்று தோன்றும். ஆன்லைன் வியாபாரத்துக்கு இலவச ஹோஸ்டிங்காக இதைப் பயன்படுத்தக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. இலவசக் கணக்கில் ரெப்போ பப்ளிக்காகத்தான் இருக்க வேண்டும். கோடிங்கை மறைக்க விரும்புபவர்கள் இதே போன்ற சேவைகளான நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் பக்கம் போகலாம். பின்னூட்டப் படிவம் மட்டும் போதும் என்றாலும் நெட்லிஃபையே வசதி.

வானிலை காட்டுகிறேன், மேப் காட்டுகிறேன் என்று ஏபிஐ கீயை (வேறொரு தளத்தின் தகவலை எடுக்க அது தரும் ரகசியச் சாவி) ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைத்தால், ஊரே அதை எடுத்துப் பயன்படுத்தலாம். அந்த வரியை அழித்து மறுபடி புஷ் செய்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். கீயைக் கொடுத்த தளத்துக்குப் போய் முதலில் அதை ரத்து செய்யுங்கள், கோடிங்கைத் திருத்துவதைப் பிறகு பார்க்கலாம்.