எட்டு மாசமா வராத எஃப் கார்டு, கிட்டார் செட்டப் பண்ணின அப்புறம் வந்துச்சு

வடபழனி பக்கம் ஒரு சின்ன ரிப்பேர் கடைல போன வாரம் என் அகூஸ்டிக் கிட்டாருக்கு செட்டப் (கம்பி உசரத்த சரி பண்ற வேல) பண்ணேன், கம்பியோட சேத்து 1,400 ரூபா ஆச்சு. எஃப் மாதிரி ஒரே விரல குறுக்க வச்சு பல கம்பிய அழுத்தற பார் கார்டுல மாட்டிக்கிட்டு நிக்கறவங்க கண்டிப்பா படிங்க.

சி, ஜி, டி எல்லாம் ரெண்டு மாசத்துல வந்துருச்சு எனக்கு. எஃப் மட்டும் வரவே இல்ல. ஆள்காட்டி விரல முதல் ஃபிரெட்ல (கழுத்துல குறுக்க இருக்கற உலோகக் கோடுதான் ஃபிரெட்) குறுக்க வச்சு எவ்ளோ அழுத்தினாலும் ரெண்டாவது கம்பி டப்பு டப்புனுதான் கேக்கும், கட்டைவிரல் அடில வலி வேற, கிட்டார் வாங்கின கடைல கேட்டா பிராக்டிஸ் பண்ணுங்க வந்துரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, நானும் என் விரலுக்கு அவ்ளோதான் பலம்னு நினைச்சு கிட்டத்தட்ட விட்டுட்டேன்.

இந்த ரிப்பேர் கடைல இருந்த அண்ணன் கிட்டார வாங்கி மூணாவது ஃபிரெட்ல கம்பிய அழுத்திக்கிட்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேல அதே கம்பிய லேசா தட்டிக் காட்டினார். அங்க ஒரு பேப்பர் நுழையற கேப் இருந்தா போதும், என்னோடதுல விசிட்டிங் கார்டே உள்ள போச்சு. "தம்பி, உங்க விரல்ல ஒண்ணும் தப்பில்ல, நட்டு உசரம்"னார். நட்டுன்னா கழுத்தோட தலைப்பக்கம் கம்பி உக்காரற சின்ன பட்டை. அந்த நிமிஷம் எனக்கு எப்டி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல.

டிரஸ் ராட (கழுத்து வளைவ சரி பண்ற உள் ராடு) லேசா டைட் பண்ணி, நட்டுல காடிய அரம் போட்டு இறக்கி, சேடில (பாடிப்பக்கம் கம்பி உக்காரற பட்டை) அடிப்பக்கம் தேய்ச்சார். 12வது ஃபிரெட்ல கம்பி உசரம் அரை மில்லிமீட்டர் இறங்கணும்னா சேடில்ல ஒரு மில்லிமீட்டர் போகணும், அதிகமா போயிட்டா கம்பி இரையும், அதனால தேய்க்கறதும் மாட்டிப் பாக்கறதுமா பொறுமையா செஞ்சார். ஆறாவது கம்பி (தடியானது) உசரம் அங்க 3.5ல இருந்து 2.5 மில்லிமீட்டருக்கு வந்துருச்சு. 12-53 கம்பிய (மெலிசான கம்பி, தடியான கம்பியோட தடிமன், இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) கழட்டிட்டு டடாரியோ ஈஜே15 போட்டார், அது 10-47, அழுத்த ரொம்ப ஈசி. சவுண்டு கொஞ்சம் மெலிசாதான் ஆகுது, வேகமா ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு பிடிக்காம போகலாம், எனக்கு ஓகே.

இன்னொண்ணும் சொன்னார், அதுக்கே காசு குடுக்கலாம். எஃப்ல ஆள்காட்டி விரல் ஆறு கம்பியயும் அழுத்தணும்னு இல்ல, மீதி மூணு கம்பிய மத்த விரலுங்க பாத்துக்குது, இது ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பிக்கு மட்டும் பொறுப்பு. விரல கட்டைவிரல் பக்கமா லேசா உருட்டி எலும்பு படற பக்கத்த வைக்கணும், ஃபிரெட்ட ஒட்டி வைக்கணும், விரல் மடிப்பு ரேகைல கம்பி விழுந்தா விரல ரெண்டு மில்லி மேல தள்ளணும். என் ரெண்டாவது கம்பி சரியா அந்த ரேகைலதான் இத்தன நாளா மாட்டிக்கிட்டு இருந்துச்சு! வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரி ஒவ்வொரு கம்பியா மீட்டினேன், ஆறும் கேட்டுச்சு.

பி மைனர் இன்னும் தடுமாறுது, மாத்தறதுக்குள்ள ஒரு தாளம் போயிடுது, அதுக்கு பிராக்டிஸ்தான்.

குறைன்னா ரெண்டு நாள்னு சொல்லி அஞ்சு நாள் ஆக்கிட்டாங்க, போனும் எடுக்கல. செட்டப்புக்கு குடுக்கறதுக்கு முன்னாடி வீட்லயே முதல் ஃபிரெட்ல கேப்போ (எல்லா கம்பியயும் அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டுட்டு, அதுக்கு அடுத்த ஃபிரெட்ல அதே எஃப் ஷேப்ப பிடிச்சுப் பாருங்க. அங்க சுலபமா வந்து கேப்போ இல்லாம வரலேன்னா நட்டுதான் பிரச்சன, புது கிட்டார் வாங்காதீங்க.