அரசு வேலையா, கம்பெனியா, சொந்தத் தொழிலா? நிலப் பயன்பாட்டு ஆலோசகராக வர நினைப்பவர்களுக்கு

எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலைப் படிப்பு) முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கவா, கம்பெனியில் சேரவா, இல்லை ஒரு சீனியரிடம் தொழில் கற்றுக்கொண்டு தனியாக ஆலோசனை அலுவலகம் போடவா? மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் சொல்வது சென்னை நிலவரம், இங்கே திட்ட அனுமதி சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கையில், மற்ற ஊர்களில் அந்த இடத்தில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சி எழுதி நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் வேலை கிடைத்தால் விடாதீர்கள். மாதச் சம்பளம் நிச்சயம், ஒரு கோப்பு எங்கே தேங்குகிறது, ஏன் திரும்புகிறது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஆனால் அறிவிப்பு ஒவ்வொரு வருடமும் வராது, வந்தாலும் இடங்கள் குறைவு. அதை மட்டுமே நம்பி நாலைந்து வருடம் வீட்டில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

கம்பெனி என்றால் ஜிஐஎஸ் (கணினி வழி நில வரைபடம்), கள ஆய்வு, முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) அறிக்கை என்று போகும். வரைபடம் நன்றாகக் கைவரும், வெளிமாநிலம், வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் ஒருவர் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு 'இதில் வீட்டு மனை போடலாமா சார்' என்று கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அங்கே வராது.

அந்தக் கேள்வியில்தான் சொந்தத் தொழில் இருக்கிறது. சர்வே எண்ணை வாங்கி முதலில் அது குடியிருப்பா, விவசாயமா, எந்த மண்டலம் என்று பார்க்க வேண்டும், அப்புறம் பட்டா, அடங்கல், வில்லங்கம், எஃப்எம்பியில் (நில அளவை வரைபடத்தில்) வாய்க்கால் ஏதும் ஓடுகிறதா, அணுகு சாலை எத்தனை அடி அகலம், இவ்வளவும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினாலே சாலை போக மீதியில் 10 சதவீதம் ஓஎஸ்ஆர் (பொதுவுக்கு விட வேண்டிய திறந்தவெளி) வந்துவிடும், 10,000 வரை அதற்குப் பதில் பணம் கட்டலாம், அதற்கு மேல் இடமாகவே விட வேண்டும். இதைக் கணக்கில் வைக்காமல் மனை விலை போட்டவர்கள் எத்தனையோ பேர்.

செங்குன்றம் பக்கம் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் சீனியரிடம் வந்தார். நிலம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருந்தது. சீனியர் அன்றைக்கே 'வேண்டாம், விலகிக்கொள்ளுங்கள்' என்றார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பேசும் தரகருக்கும் ஆலோசகருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வருமானம் மாதாமாதம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விவசாய மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபணை, தொழில்நுட்பக் குழு, அப்புறம் அரசிதழ் என்று நாள் ஓடும், அத்தனை நாளும் அலுவலக வாடகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். கல்யாணம், வீட்டுக் கடன் என்று பொறுப்பு உள்ளவர்கள் முதல் இரண்டு வருடச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

தொழில் மங்கிவிடுமா என்றும் கேட்கிறார்கள். 2024-ல் சுயசான்று முறை வந்த பிறகு 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட உரிமையாளரே இணையத்தில் அனுமதி எடுக்கலாம். சிறிய வீடுகளுக்கு பிளான் போட்டே பிழைத்தவர்களுக்கு அது அடிதான். ஆனால் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 ஆக விரித்து 2022-ல் அறிவித்தார்கள், இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலமும் 2026 வரைதான். நில வகைப்பாட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை கூடத்தான் செய்யும்.

என் ஓட்டு சொந்தத் தொழிலுக்குத்தான், ஆனால் மூன்று வருடமாவது ஒரு நல்ல சீனியரிடம் இருந்த பிறகு. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்தால் நடுவில் அதையும் எழுதுங்கள். தனியாக உட்கார்ந்ததும் நிலத்தை ஆராய்ந்து சொல்வதற்கான கட்டணத்தைத் தனியாக, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அனுமதி கிடைத்தால்தான் காசு என்று ஒத்துக்கொண்டால், 'இந்த இடம் வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழாது.