ஸ்பீக்கர் கேபிள்: செம்பா, செம்பு பூசிய அலுமினியமா?

கூடத்துச் சுவருக்குள் குழாய் பதித்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒயர் இழுக்க வேண்டியிருந்தபோது, சென்னை ரிட்சி தெருவில் கிடைப்பவற்றுள் செம்பு, வெள்ளி பூசிய செம்பு, செம்பு பூசிய அலுமினியம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இறுதியில் 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயரையே வாங்கினேன்.

வெள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனி வெள்ளியே செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சற்றே தடித்த செம்பு அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடும். வெள்ளி பூசிய ஒயரை நான் நண்பர் வீட்டில் சிறிது நேரமே கேட்டிருப்பதால், ஓசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற முத்திரைக்கும் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண மின்கம்பிச் செம்போடு அதற்குள்ள கடத்துதிறன் வேறுபாடு ஒரு சதவீத அளவே.

மின்தடையை மட்டும் பார்த்தால் அலுமினியத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 10 மீட்டர் தொலைவுக்குப் போகவர 20 மீட்டர் கம்பி என்று கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் தடை சுமார் 0.16 ஓம், அதே தடிமனில் செம்பு பூசிய அலுமினியத்தில் அது 0.24 ஓமை நெருங்கும். ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்துக்குள் ஒயரின் தடை இருக்க வேண்டும் என்ற வழக்கமான கணக்கில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம் வரைதான் இடமுண்டு. ஆனாலும் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் வாங்கினால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

தடிமனைக் கூட்டினாலும் தீராதது, முனைகளின் பராமரிப்பு. இழையை வெட்டிய இடத்திலும் தோலுரிக்கும்போது கீறல் பட்ட இடத்திலும் அலுமினியம் வெளியே தெரியும். உடனே அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படியும். ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால், இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் அரிப்பு விரைவாகும். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி விலகுவதால் பிடியும் தளரும். தளர்ந்த முனையைத் திரும்பத் திரும்ப வளைத்து இறுக்கும்போது இழைகள் முறியும். ஒவ்வொரு முறை வெட்டிச் சீர்செய்யும்போதும் ஒயர் குறைந்துகொண்டே வரும். சுவருக்குள் போன ஒயரில் இது சாதாரணக் குறையன்று, ஏனெனில் நீளம் போதாமல் போனால் முழுவதையும் உருவி மாற்ற வேண்டியிருக்கும்.

செம்பும் கறுக்கும், பச்சை பிடிக்கும். ஆயினும் ஒயரின் முனையில் அழுத்திப் பொருத்திய பனானா பிளக்குக்குள் (ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் செருகும் முனை) அது நெடுங்காலம் உறுதியாக நிற்கும். முனைக்கு ஈயம் பற்றவைத்துத் திருகில் இறுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஈயம் நசுங்கி, பிடி விட்டுவிடும். கடலோர வீடுகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு இன்னும் பொருத்தமானது.

சுவருக்கு வெளியே, ஓரிரு மீட்டருக்குள், எளிதில் மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் செம்பு பூசிய அலுமினியத்தை வாங்கலாம். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: செந்நிறத்தின் அடியில் வெண்மை தெரிந்தால் அது அலுமினியம், வெண்மையின் அடியில் செந்நிறம் தெரிந்தால் வெள்ளீயமோ வெள்ளியோ பூசிய செம்பு.