கொலுசு கேட்கும், ஆள் தெரியாது: கோடோ எஞ்சினில் எட்டு மாதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. பகலில் பட்டறைக் கணக்கு பார்ப்பதும் கம்ப்யூட்டரில் கொலுசு டிசைன் வரைவதும் என் வேலை. இரவு பத்து மணிக்கு மேலும், பட்டறைக்கு லீவு விடுகிற அமாவாசை நாட்களிலும் கோடோ (Godot) என்கிற எஞ்சினில், அதாவது கேம் செய்வதற்கான மென்பொருளில், உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. என் கேமின் நாயகி யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். இப்படி ஒரு கேமுக்கு இந்த எஞ்சின் சரிப்படுமா என்று ஆரம்பத்தில் நான் தமிழில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்துத் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். பழம் பறிக்கிற காலம், மார்கழிக் குளிர். பாட்டியின் பழைய கொலுசைக் காலில் மாட்டினால் அந்தப் பெண் மறைந்துவிடுவாள். எஸ்டேட் ஆபீஸில் பூட்டி வைத்திருக்கும் கூலிக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் அவள் லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கொலுசு போட்டிருந்தால் ஆள் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். கழற்றினால் சத்தம் இருக்காது, ஆள் தெரிந்துவிடுவாள்.

ஒளிந்து ஒளிந்து போகிற கேம்கள் பெரும்பாலும் பார்வையை வைத்துத்தான் ஓடும். காவலுக்கு நிற்பவனின் கண்ணிலிருந்து விசிறி மாதிரி ஒரு பரப்பு விரியும். அதில் மாட்டாமல் போக வேண்டும். ஆளே தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்த விசிறிக்கு வேலை இல்லை. வாட்ச்மேன் முன்னால் நேராக நடந்து போய்விடலாம். முதல் மாதம் நான் செய்து வைத்திருந்தது அப்படித்தான் இருந்தது, விளையாடவே ஒன்றும் இல்லை. 1998-ல் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் கொண்டுவந்த தீஃப் கேமில் கால் படுகிற தரையைப் பொறுத்துச் சத்தம் மாறும். கம்பளத்தில் நடந்தால் ஒன்றும் கேட்காது, கல்தளத்திலும் இரும்புத் தகட்டிலும் நடந்தால் மாட்டிக்கொள்வோம். அதை விளையாடியபோதுதான் என் கேம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தது. ஆள் மறைந்தாலும் ஆள் விட்டுப்போகிற தடம் மறையாது. காலடி, நிழல், மூச்சு, மிதிபட்ட சருகு, இவைதான் விளையாட்டு.

இனி எஞ்சின். அர்ஜென்டினாக்காரர்களான ஹுவான் லினியட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. காசு கிடையாது. எம்.ஐ.டி. உரிமம் என்பதால் கேம் விற்றாலும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. இன்ஸ்டால் செய்கிற வேலையும் இல்லை, ஜிப்பைப் பிரித்துத் திறந்தால் ஓடுகிறது. என்னுடையது எட்டு ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. காட்சியைத் திரையில் வரைந்து தருகிற பகுதிக்கு ரெண்டரர் என்று பெயர், கோடோவில் அது மூன்று விதமாக இருக்கிறது. அதில் கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த லேப்டாப்பிலேயே ஓடும். ஆனால் பனிமூட்டத்தை அசலாகக் காட்டுகிற வால்யூமெட்ரிக் ஃபாக் அதில் வராது, ஃபார்வர்ட் பிளஸ் என்கிற ரெண்டரரில் மட்டும்தான் வரும். ஏற்காட்டைக் காட்டப்போகிறவளுக்கு மூடுபனி இல்லையென்றால் எப்படி? அதனால் பனியைப் பார்ட்டிக்கிளாக, ஒளி ஊடுருவும் சின்னச் சின்னப் படங்களை மிதக்கவிட்டுத்தான் செய்தேன். அந்தக் கட்டாயம் எனக்கு என்ன கொடுத்தது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஓட்டிப் பார்த்தது அக்கா பொண்ணு. பதினோரு வயது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள், திரையில் காப்பிச் செடியும் சில்வர் ஓக் மரமும்தான்.

"சித்தி, நான் எங்க இருக்கேன்?"

வாட்ச்மேனுக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்தவளை, விளையாடுகிற குழந்தைக்கும் சேர்த்து மறைத்துவிட்டேன். அவள் இருக்கிற இடம் விளையாடுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஆனால் அவள் மறைந்திருக்கிறாள் என்கிற உணர்வும் போய்விடக் கூடாது. இரண்டு வாரம் இதிலேயே போனது.

தீர்வு ஒரு சின்னப் பட்டியலுக்குள் இருந்தது. கோடோவில் எந்த 3டி உருவத்தைத் தொட்டாலும், நிழல் விழ வேண்டுமா என்று கேட்கும் ஓர் இடம் இன்ஸ்பெக்டர் என்கிற அமைப்புப் பலகையில் உண்டு. ஆஃப், ஆன், டபுள் சைடட், நான்காவதாக ஷேடோஸ் ஒன்லி. அந்த நான்காவதைத் தேர்ந்தெடுத்தால் உருவம் வரையப்படாது, நிழல் மட்டும் விழும். ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. நிலா வெளிச்சத்தில், காப்பிக் களத்துச் சிமெண்ட் தரையில் ஒரு பாவாடை நிழல் நடந்து போனது, மேலே ஆளே இல்லை. அக்கா பொண்ணு நாற்காலியில் எழுந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் "எங்க இருக்கேன்" என்று கேட்கவில்லை. நிழலைப் பார்த்தே நடந்தாள்.

மரத்தடிக்குப் போனால் நிழல் நிழலோடு கலந்துவிடும், அப்போது என்ன செய்வது? அதற்காக உடம்புக்கு ஒரு ஷேடர், அதாவது ஒரு பொருள் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற சின்ன புரோகிராம், எழுதினேன். பின்னால் இருக்கிற காட்சியைக் கொஞ்சம் வளைத்துக் காட்டும், தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிகிற மாதிரி. இங்கே கோடோவுக்கு ஒரு குணம் உண்டு. திரையின் காட்சியைப் படியெடுத்து ஷேடருக்குக் கொடுக்கும்போது, ஒளி ஊடுருவாத பொருட்களை வரைந்து முடித்த கையோடு படியெடுத்துவிடும். ஊடுருவும் பொருட்கள் அந்தப் படியில் இருக்காது. என் பனி முழுக்க ஊடுருவும் படங்கள். ஆகவே அவள் பனிக்குள் நுழைந்தால், அவள் உடம்பு இருக்கிற இடத்தில் மட்டும் பின்னாலிருக்கும் பனி இல்லாமல் மரம் பளிச்சென்று தெரியும். பனியில் ஆள் வடிவத்தில் ஓர் ஓட்டை. முதலில் பார்த்ததும் தப்பு என்று திருத்தப் பார்த்தேன். அப்புறம் ஒரு தை மாதக் காலையில் பகோடா பாயிண்ட் பக்கம் மூடுபனி ஆட்களை விழுங்கி விழுங்கி வெளியே விட்டது ஞாபகம் வந்தது. திருத்தவில்லை. இன்றைக்கு என் கேமில் அழகான இடம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

இப்போது காது. இதில் எஞ்சின் கையில் எதையும் தயாராகக் கொடுக்காது, அது தெரிந்தே இறங்குங்கள். ஆடியோ ஸ்ட்ரீம் பிளேயர் 3டி என்று ஒரு நோட் (node, கேமைக் கட்டுகிற துண்டு) இருக்கிறது. தூரம், திசை எல்லாம் வைத்துச் சத்தத்தை ஸ்பீக்கரில் அருமையாகக் கொடுக்கும். ஆனால் அது கேட்பது விளையாடுகிறவர் காதுக்கு மட்டும். வாட்ச்மேன் என்பவன் வெறும் கணக்கு, அவனுக்குக் காதை நாம்தான் வைக்க வேண்டும். நான் முதலில் வைத்தது ஒரு வட்டம். மெதுவாக நடந்தால் 2 மீட்டர், சாதாரணமாக நடந்தால் 6, ஓடினால் 14. அதற்குள் வாட்ச்மேன் இருந்தால் திரும்புவான். விளைவு என்னவென்றால், கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் திரும்பினான். சத்தம் சுவரைச் சுற்றிக் கதவு வழியாக வர வேண்டாமா? நடக்கிற பாதையைக் கண்டுபிடிக்க கோடோவில் நேவிகேஷன் சர்வர் இருக்கிறது. அதனிடம் அவள் காலடியிலிருந்து வாட்ச்மேன் வரை பாதை கேட்டு, அந்தப் பாதையின் நீளத்தைச் சத்தம் கடந்த தூரமாக எடுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் சும்மா இருந்தான், திறந்த கதவுப் பக்கம் நின்றவன் தலையைத் தூக்கினான். காலடி விழுந்ததும் எல்லா வாட்ச்மேனுக்கும் சேதி போவதற்கு சிக்னல் என்கிற வசதி, அது இந்த எஞ்சினின் பெரிய பலம். யார் கேட்கிறார்கள் என்று கால் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்க விரும்புகிறவர்கள் தாங்களே வந்து இணைந்துகொள்வார்கள்.

தரைச் சத்தங்களை எஸ்டேட்டில் போய் போனில் பதிவு செய்தேன். சில்வர் ஓக் சருகு காய்ந்திருந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும், மழை பெய்து ஊறியிருந்தால் ஒன்றுமே கேட்காது. இதற்காகவே கேமில் இரண்டாம் கட்டத்தில் மழை வைத்தேன். கொலுசுச் சத்தத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, பட்டறையிலேயே நூறு ஜோடி தொங்குகிறது. முத்து வைத்த கெட்டிக் கொலுசு ஒன்றை எடுத்து மைக் பக்கத்தில் ஆட்டிப் பதிவு செய்து, கேமில் போட்டு, பெருமையாக அப்பாவுக்குக் கேட்கக் கொடுத்தேன். நாற்பது வருடம் கொலுசு செய்தவர். திரையைப் பார்க்கவே இல்லை.

"இது கால்ல போட்ட சத்தம் இல்ல கண்ணு. கையில ஆட்டுன சத்தம்."

எப்படிப்பா என்றேன். காலில் போட்டால் கொலுசு கணுக்காலில் படிந்திருக்கும், ஒரு பக்கத்துச் சலங்கை தோலில் அமுங்கி முழுதாக ஒலிக்காது, குதிகால் தரையில் படுகிறபோது ஒரு தடவை, கால் தூக்கும்போது சின்னதாக இன்னொரு தடவை, இரண்டும் ஒரே மாதிரி இருக்காது என்றார். அன்று சாயங்காலமே அக்கா பொண்ணுக்குக் கொலுசு போட்டு மொட்டை மாடியில் நடக்கவிட்டுப் பதிவு செய்தேன். அவர் சொன்னபடி ஒரு காலடியை இரண்டு சத்தமாகப் பிரித்து, கால் அசைவில் அந்தந்தக் கணத்தில் ஒலிக்க வைத்தேன். அசைவுகளை ஓட்டுகிற அனிமேஷன் பிளேயரில், குறிப்பிட்ட நொடியில் நாம் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் வசதி இருப்பதால் இது எளிதாக முடிந்தது. கேமுக்குள்ளும் பலன் உண்டு. குதிகால் ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தால் முதல் சத்தம் வராது.

நோட்டை எடுத்த பிறகு கதை மாறும். கொலுசு மறைப்பது அவளை மட்டும்தான், கையில் இருக்கும் பொருளை மறைக்காது. காற்றில் ஒரு நோட்டு மிதந்து வரும். அப்போதுதான் பழைய பார்வை விசிறி திரும்ப வேலைக்கு வருகிறது. வாட்ச்மேன் கண்ணிலிருந்து நோட்டுக்கு ஒரு ரேகேஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்கோடு, நடுவில் செடியோ சுவரோ இருந்தால் தப்பிக்கலாம். இன்னொன்றும் சேர்த்தேன். விழித்திரை ஒளியை வாங்கினால்தான் நமக்குப் பார்வை. ஒளி முழுக்க ஊடுருவிப் போய்விட்டால் அவளுக்கே கண் தெரியாது. ஆகவே அவள் கண்கள் மட்டும் மறைவதில்லை. டார்ச் வெளிச்சம் முகத்துக்கு நேரே வந்தால் இரண்டு கருப்புப் புள்ளி தெரியும். கண்ணை மூடிக்கொள்ள ஒரு பட்டன். மூடினால் திரை இருட்டு, காதை வைத்துத்தான் வாட்ச்மேன் போய்விட்டானா என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்கா பொண்ணு அந்த இடத்தில் தன் கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்கிறாள்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோடோ 3-ல் தமிழ் சரியாக வராது. க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். என் கேமின் முதல் சொல்லே கொலுசு. 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்கிற எழுத்துக்கோப்பு நூலகத்தைச் சேர்த்துவிட்டார்கள், இப்போது கொ, கோ, கௌ எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவை மட்டும் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், எந்தக் கருவியில் திறந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியாது. நம் எழுத்தை நம் இஷ்டத்துக்கு எழுத விடுகிற கருவி என்பது எனக்குப் பெரிய விஷயம். சேலத்துப் பெண் ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

சிரமங்களும் உண்டு. 3-லிருந்து 4-க்கு மாறியபோது பல பெயர்கள் மாறிவிட்டன. கினமேட்டிக் பாடி என்பது கேரக்டர் பாடி ஆகிவிட்டது. பழைய வீடியோ பாடத்தைப் பார்த்துத் தட்டினால் வரிக்கு வரி சிவப்பு விழும், எந்தப் பதிப்புக்கான பாடம் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ மாதிரிப் பெட்டிகளில் வெளியிட வேண்டுமென்றால் இந்த எஞ்சினிலிருந்து நேரடியாக முடியாது, அதைச் செய்து தருகிறவர்களிடம் போக வேண்டும். எனக்கு ஆண்ட்ராய்டு போதும்.

ஆண்ட்ராய்டில் போட்டுப் பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. ஏற்காடு பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆடிக்கொண்டே, ஹெட்போன் இல்லாமல் விளையாடினேன். போன் ஸ்பீக்கரில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. முழுக்கச் சத்தத்தை நம்பி ஒரு கேம் செய்துவிட்டு, கேட்க முடியாதவருக்கு என்ன வழி வைத்தேன்? எங்கள் பட்டறையில் சலங்கை ஒட்டுகிற அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவருக்காகக் காலடி விழும்போதெல்லாம் தரையில் ஒரு வெள்ளை வளையம் விரிகிற மாதிரி வைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. ஆபீஸ் வாசல் வரை போய்விட்டார். முடித்ததும் வளையத்தைக் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்தார். வாட்ச்மேனைக் காட்டி, தன் தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பிக் காட்டினார். அவன் கழுத்து திரும்புவதைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

கழுத்து திரும்புகிற அந்த அசைவு என் கேமில் இப்போதைக்கு அரை நொடிதான், சட்டென்று முடிந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் நீட்டி, முதலில் காது, அப்புறம் கண், அப்புறம் தோள் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். வருகிற அமாவாசைக்கு அந்த வேலைதான்.