ஆர்க்பார்ஸா, கிளிக்கா, டைப்பரா?

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்குச் சரக்கிருப்புப் பார்க்கும் பைதன் கருவியொன்று எழுதிக்கொடுத்தேன். 'ஆட்', 'பில்', 'ரிப்போர்ட்' என்று துணைக்கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆப்ஷன்கள். கட்டளை வரியில் தட்டுவதைப் பிரித்தெடுத்துத் தரும் பைதன் நூலகங்கள் மூன்றைப் பார்த்தேன்: ஆர்க்பார்ஸ், கிளிக், டைப்பர். ஆர்க்பார்ஸைத்தான் தெரிவுசெய்தேன்.

எழுதும் சுகம் என்று பார்த்தால் மூன்றில் அது கடைசி. கிளிக்கில் ஃபங்ஷனின் தலைமேல் ஒரு டெக்கரேட்டர் ('@' போட்டு எழுதும் வரி) வைத்தால் அது கட்டளையாகிவிடும். டைப்பருக்கு, உள்ளீடு எந்த வகை என்று சொல்லும் டைப் குறிப்புகளே போதும். டைப்பரை நான் சின்னக் கருவிகளில் மட்டுமே பாவித்திருக்கிறேன். பெரிய வேலைக்குத் தாங்குமா என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

முடிவு சொன்னது கடைக் கணினி. விண்டோஸ் 7; அதில் ஏறும் கடைசிப் பைதன் 3.8. இணையமும் இல்லை. "நெட் குடுத்தா பொடியன்கள் படம் பாப்பாங்கள் தம்பி" என்றார் முதலாளி. ஆர்க்பார்ஸ் பைதனோடேயே வருவது, கோப்பை யூஎஸ்பியில் கொண்டுபோய் வைத்தால் ஓடும். கிளிக் என்றால் அதன் வீல் கோப்பு (நிறுவும் பொதி), விண்டோஸ் என்பதால் கூடவே கலராமா என்ற இன்னொரு நூலகம். அதோடு விடுமா? கிளிக் 8.2க்குப் பைதன் 3.10 வேண்டும். ஆக 8.1இலேயே நிறுத்தி, ஏன் நிறுத்தினோம் என்று எழுதியும் வைக்கவேண்டும், அடுத்து வருபவர் அறியாமல் ஏற்றிவிடாதபடி. டைப்பரோ ரிச், ஷெல்லிங்காம் என்று இன்னும் பெரிய குடும்பத்தோடு வரும்.

ஆர்க்பார்ஸுக்கும் கோணல் குணங்கள் உண்டு. துணைக்கட்டளை தராவிட்டால் அது வாய்திறக்காது. துணைக்கட்டளைகளைச் சேர்க்கும் ஆட்_சப்பார்சர்ஸில் 'ரிக்வயர்ட்' ட்ரூ என்றும், 'டெஸ்ட்'டுக்கு ஒரு பெயரும் கொடுத்துவிடுங்கள். 'டைப்' இடத்தில் பூல் (உண்மை/பொய் வகை) போட்டால், 'ஃபால்ஸ்' என்று தட்டினாலும் ட்ரூதான்: வெறுமையில்லாத எந்தச் சரமும் பைதனுக்கு உண்மை. அதற்குப் பதில், ஆப்ஷனைத் தட்டினாலே ட்ரூ ஆக்கும் 'ஸ்டோர்_ட்ரூ' போதும். ஆம், இல்லை இரண்டையும் தானே உண்டாக்கும் பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன் 3.9இல்தான் வந்தது, இந்தக் கடைக்கு உதவாது.

பராமரிப்பில் பிறகு கடிப்பது சுருக்கம். '--ஸ்டார்ட்' என்பதை '--ஸ்ட்' என்று தட்டினாலும் ஆர்க்பார்ஸ் ஏற்கும். நாளைக்கு '--ஸ்டொக்' என்று ஒன்றைச் சேர்த்தால், '--ஸ்ட்' எதைக் குறிக்கிறது என்று தெரியாமல், சுருக்கத்தை நம்பிய பழைய பேட்ச் கோப்புகள் எல்லாம் நின்றுவிடும். 'அலவ்_அப்ரெவ்' ஃபால்ஸ் என்று முதல் நாளே போடுங்கள். துணைப் பார்சர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே.

சேர்வர் நம் கையில், இணையமும் உண்டு, கட்டளைக்குள் கட்டளையாகக் கிளை விரிகிறது என்றால் கிளிக்தான். கட்டளைகளை டெஸ்ட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் அதன் கிளிரன்னர் ஒன்றுக்காகவே எடுக்கலாம். டெஸ்ட் எழுதுவது அத்தனை சுளுவு.